வடாம் விற்கத் தகுதியற்றவர்

சிறுதொழில் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அலுவலர்களுக்கு,

உங்கள் பயிற்சி முகாமின் நிறைவு நாளன்று என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். நான் பேசத் தொடங்கினால் மதிய உணவு தள்ளிப்போகும் என்று முகாம் பொறுப்பாளர் அஞ்சுவதாக அறிந்தேன். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆகவே எழுதித் தருகிறேன். எழுத்தை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டேகூடப் படிக்கலாம். தாளில் சாம்பார் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். என்னைப் பற்றி அலுவலக கேன்டீனில் உலவும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் துறை அதிகாரி ஒருவர் திருவனந்தபுரத்தின் கோடியில் இருக்கும் கழக்கூட்டத்தில் நடுரோட்டில் நின்று வடாம் விற்றார் என்றும், வாங்க வந்தவர்களை விரட்டியடித்தார் என்றும் சொல்லப்படுகிறது. இது உண்மைக்குப் புறம்பானது. அது நடுரோடு அன்று, ரோட்டோரம். நான் யாரையும் விரட்டவும் இல்லை, நிராகரித்தேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பணியில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அப்போது புது நூற்றாண்டு தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. சிறுதொழில் தொடங்க விரும்புவோருக்காகத் துறை ஆங்காங்கே வழிகாட்டு மையங்களைத் திறந்து, ஒப்பந்த அடிப்படையில் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. வருபவரை உட்காரவைத்து, அவர் நினைக்கும் தொழில் நடக்குமா என்று சொல்லி, நடக்குமென்றால் முதல் விற்பனை வரை கூடவே நிற்பது அவர்கள் வேலை. அதுவரை நம் துறை யாருடனும் கூடவே நின்றதில்லை. மிகுந்த அனுபவசாலியான என் முதல் மேலதிகாரி எனக்குத் தந்த முதல் அறிவுரையே, விண்ணப்பதாரரை உட்காரச் சொல்லாதே, உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார் என்பதுதான். அவர் அறையில் எதிர்நாற்காலியின் மேல் எப்போதும் ஒரு மேசைவிசிறி இருக்கும். அது ஓடி நான் பார்த்ததில்லை.

புதிதாக வந்த இயக்குநர் வேறு வகை. மையங்களில் உண்மையாகவே உதவி கிடைக்கிறதா என்று அறிய அவர் ஒரு வழி கண்டார். மூத்த அதிகாரிகள் ஒவ்வொருவரும் தம்மை யாரும் அறியாத ஒரு மையத்துக்குச் சாதாரண விண்ணப்பதாரராகச் செல்ல வேண்டும். வழிகாட்டி சொல்வதைச் செய்து, நடந்ததை நடந்தபடி அறிக்கையாகத் தர வேண்டும். இடையில் அடையாளம் வெளிப்பட்டால் அறிக்கை செல்லாது. மார்ச் முடிவதற்குள் ஒரு தொழிலையாவது தொடங்கிவைக்காத மையம் மூடப்படும். அங்குள்ள வழிகாட்டியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

எனக்குக் கழக்கூட்டம் மையம் ஒதுக்கப்பட்டது. வேடம் போடுவது என் இயல்புக்கு ஒவ்வாதது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் நான் திரும்பும்போது கிரிக்கெட் ஆடும் பையன்கள் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள். அத்தகைய தோற்றத்தை எதைக்கொண்டு மறைப்பது? சட்டையை வெளியே எடுத்து விட்டுக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் இயலவில்லை. பெயரும் பொய்யாகச் சொல்லவில்லை. என் பெயரின் முன்னெழுத்தை விரித்தால் வரும் பெயரைச் சொன்னேன். அது என் தந்தையார் பெயர், என் பெயரில் ஒரு பகுதி, ஆகவே பொய்யன்று.

மையத்தில் இருந்த வழிகாட்டியின் பெயர் ஷைனி. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், படித்ததெல்லாம் மலையாளத்தில். என் முதல் வாக்கியத்திலேயே என் தெருவைக் கண்டுபிடித்து, "ஸ்வாமி, இருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். இந்த ஊரில் எங்கள் சமூகத்தவரை அப்படி அழைப்பதே வழக்கம். உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் ஓர் அரசு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. மேசை அங்கிருந்து பார்க்கும்போது மிகவும் உயரமாகத் தெரிகிறது.

வழிகாட்டியைச் சோதிக்க வேண்டுமென்றால் தேறாத தொழில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நான் முன்கூட்டியே தீர்மானித்திருந்தேன். பேனா மை தயாரிக்க விரும்புவதாகச் சொன்னேன்.

ஷைனி ஜன்னலைப் பார்த்தார். வெளியே கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"கம்ப்யூட்டர் பார்க் வாசல்ல மை விக்கப் போறியளா ஸ்வாமி?" என்றார். "வேண்டாம், கேட்டியளா. வேற என்ன செய்யத் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக வரவில்லை. வேறு எதுவும் செய்யத் தெரியாது என்பதே உண்மையான விடை. வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டில் நான் எதுவும் செய்வதில்லை என்று சொன்னேன். அப்படியானால் மாமி என்ன செய்வார் என்றார். வெயில் காலத்தில் வடாம் இடுவாள் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது ஆபத்தான வாக்கியமாகத் தோன்றவில்லை.

ஷைனியின் முகம் மலர்ந்தது. சுற்றிலும் விடுதிகள், வாடகை வீடுகள், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் பிள்ளைகள் என்று விவரித்தார். எதிரில் நான் இருந்ததால் என் பெயரிலேயே எழுதிக்கொண்டார். பணி ஓய்வு பெற்றுவிட்டேனா என்று கேட்டார். நான் பேசாமலிருந்தேன், என் மௌனத்துக்கு அவர் விருப்பம்போல் பொருள் கொண்டார். முகவரி மட்டும் உண்மையாகத் தர வேண்டியிருந்தது. அதன் விளைவை அடுத்த இரண்டாம் சனிக்கிழமை உணர்ந்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில், "ஸ்வாமி உண்டோ?" என்று குரல் கேட்டது.

என் மனைவி ஜானகியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அலுவல் ரகசியம் என்பதையும் வலியுறுத்தியிருந்தேன். "ரகசியமா வடாம் இடறதுக்கு என்னன்னா இருக்கு? ஊருக்கே தெரியற மாதிரி மொட்டைமாடியிலன்னா காயணும்" என்று அவள் கேட்டாள். நியாயமான ஐயம்தான். ஆனால் துறை சார்ந்த கேள்விகளை வீட்டில் விவாதிக்கும் வழக்கம் எனக்கில்லை.

ஷைனி வாரந்தோறும் வந்தார். பழகிய எவரையும்விட விரைவாக அடுப்படி வரை போனார். ஒரே அளவில் பிழிவது, ஈரம் புகாமல் பைகளில் அடைப்பது, மேலே என்ன எழுதுவது என்று அவரும் ஜானகியும் மணிக்கணக்கில் பேசினார்கள். நான் கூடத்தில் அமர்ந்து மேற்பார்வையிட்டேன். எனக்குக் காக்கை விரட்டும் பணி ஒதுக்கப்பட்டது. தொழில்முனைவோர் உற்பத்தியின் ஒரு கட்டத்திலாவது நேரடியாகப் பங்கெடுக்க வேண்டும் என்பது வழிகாட்டியின் நிபந்தனை.

திருவனந்தபுரத்து வெயிலை நம்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கையில் மழைக்காகக் குடை, மறு கையில் காக்கைக்காகக் கறுப்புத் துணி கட்டிய கம்பு. அந்தக் கோலத்தில் நான் மொட்டைமாடியில் அமர்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் தம் மாடிக்கு வந்தார். வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் எங்கள் தெருவைத் தணிக்கை செய்துகொண்டிருந்தார்.

"என்ன ஓய், கிரகணமா?" என்றார்.

பறவைகளின் பழக்கவழக்கங்களைக் கவனிப்பதாகச் சொன்னேன். தரையில் விரித்த வேட்டியின் மேல் காய்ந்துகொண்டிருந்த வடாத்தை அவர் பார்த்தார். "வாராவாரம் ஒரு பொண்ணு வந்து அளவெடுத்துண்டு போறாளே, அதுவும் பறவைக்கா? உத்தியோகத்துல இருந்துண்டு கடை போட்டா விஜிலன்ஸ்காரன் வந்து காக்கா ஓட்டுவான் ஓய்."

கிண்டலாகச் சொன்னாலும் அது உண்மை. அரசு ஊழியர் வியாபாரம் செய்யக் கூடாது. பதிவு என்ற கட்டம் வந்தால் நான் நடத்தை விதிகளை மீறியவன் ஆவேன். மறுநாளே இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்து, என்னை இந்த மதிப்பீட்டிலிருந்து விடுவிக்கக் கேட்டேன். மாதிரி விற்பனை வரை போகலாம், பதிவுக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். ஆனால் நானாக விலகினால், வந்தவரை நிலைநிறுத்தத் தெரியாத வழிகாட்டி என்று அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதப்படும் என்றும் நினைவூட்டினார். அப்படியானால் நான் என்ன செய்வது என்றேன். அதைத் தீர்மானிக்கத்தான் மூத்த அதிகாரிகளை அனுப்பினேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஷைனியிடம் வேறு விண்ணப்பதாரர்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். மெழுகுவத்தி செய்ய வந்தவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். குடை தைக்க வந்தவர் தேர்வெழுதி நம் துறையிலேயே எழுத்தராகச் சேர்ந்துவிட்டார். இந்த மாநிலத்தில் இவ்விரண்டும் தொழில்முனைவோரைத் தாக்கும் வழக்கமான நோய்கள். ஆக, மார்ச்சுக்குள் அவரால் காட்டக்கூடிய ஒரே தொழில் என் வடாம். என்னால் அதைத் தொடங்கவும் முடியாது, கைவிடவும் முடியாது. வடாமோ காய்ந்துகொண்டிருந்தது.

மாதிரி விற்பனை ஒரு பெண்கள் விடுதியின் வாசலில் நடந்தது. விதி என்னவென்றால், விண்ணப்பதாரர் தாமே ஒரு காலைப்பொழுது முழுவதும் முன்பின் தெரியாதவர்களுக்கு விற்க வேண்டும். வழிகாட்டி தலையிடாமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு மடக்குமேசையின் பின்னால் நான், அடுக்கிய பாக்கெட்டுகளுடன் நின்றேன். சற்றுத் தள்ளி ஜானகி, ஸ்டவ்வும் வாணலியுமாக, ருசி பார்ப்பதற்குச் சிறிது பொரித்துத் தருவதற்காக அமர்ந்தாள். ஷைனி எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றார்.

முதலில் ஓர் இளம் பெண் வந்தார். மூன்று பாக்கெட் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். இளம் அலுவலர்களே, என் பணிக்காலம் முழுவதும் ஒருவர் கேட்டதைக் கேட்ட அளவில் நான் கொடுத்ததில்லை. கேட்பவர் எப்போதும் தேவைக்கு மேல்தான் கேட்பார். ஆராய்ந்து குறைத்துத் தருவது அதிகாரியின் கடமை. ஆராய்ந்தேன். எத்தனை பேர் உண்பார்கள் என்று கேட்டேன். அறையில் இருவர் என்றார். இருவருக்கு மூன்று பாக்கெட் எந்த அடிப்படையில் என்று கேட்டேன். அவர் சற்றுத் திகைத்து, ஒன்று போதும் என்றார். பார்த்தீர்களா, விசாரணையின் பயன் உடனே தெரிந்தது. பொரிக்கும் வசதியைப் பற்றிக் கேட்டேன். விடுதியில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை என்றார்.

அடுப்பு இல்லாத இடத்துக்குப் பொரிக்க வேண்டிய பொருளை எப்படி வழங்குவது? வாங்கியது வீணாகும், வீணாகும் என்று தெரிந்தே வழங்கியவன் நானாவேன். காரணத்தை விளக்கி, அடுப்புள்ள வீட்டுக்குக் குடிமாறியபின் மீண்டும் அணுகலாம் என்று சொல்லி அனுப்பினேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அடுத்து வந்தவர் விடுதிக் காவலாளி. அவர் வீட்டில் அடுப்பு இருந்தது. தன் பெண்டாட்டி நன்றாகப் பொரிப்பாள் என்று உறுதியும் அளித்தார். ஆனால் பொரிக்கப்போகிறவர் நேரில் வரவில்லை. வந்தால் பரிசீலிக்கலாம் என்றேன். அதன் பின்னர் மூன்று நான்கு பெண்கள் கூட்டமாக வந்து மேசையின் எல்லாப் பக்கமும் நின்றார்கள். அவர்களை வரிசையில் நிற்கச் செய்தேன். வரிசை அமைந்ததும் தேநீர் நேரம் வந்துவிட்டது. பாக்கெட்டுகளின் மேல் துண்டை விரித்து மூடிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றேன். திரும்பி வந்தபோது வரிசை முழுவதும் ஜானகியின் வாணலிக்கு முன்னால் இருந்தது.

நடந்தது இதுதான். வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பொரித்த வாசனை எட்டியிருக்கிறது. "மாமி, பொரிச்சதே விக்குவியோ?" என்று அவள் கேட்க, ஜானகி, "அதுக்கென்ன, விக்கறதுதானே. தின்னு பாரு, பிடிச்சா வாங்கிக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பொரித்ததை அள்ளிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். முதலில் நான் திருப்பியனுப்பிய பெண் இரண்டு கூம்புகளை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காத மாதிரி நின்றார். காவலாளியும் அங்கேதான் இருந்தார், மனைவி இல்லாமல்.

ஜானகியிடம் இருந்தது தீர்ந்ததும் என் மேசைக்கு வந்து பாக்கெட்டுகளை எடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். "பொரிக்கறதுக்கு" என்றாள். அவளிடம் அடுப்பு இருந்ததால் அனுமதித்தேன்.

அதன் பிறகு ஷைனி எங்களை ஒரு டீக்கடைக்கு அழைத்துச் சென்றார். நெடுஞ்சாலை இரைச்சலில் அவர் பேசத் தொடங்கியதே முதலில் கேட்கவில்லை. பாலில்லாத கட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ஸ்வாமி, ஒண்ணு சொல்லுதேன், வருத்தப்படக் கூடாது. உங்களால யாவாரம் செய்ய ஒக்காது."

காரணம் கேட்டேன்.

"அந்தப் பிள்ள வடாம் கேட்டு வந்தா. நீங்க அவள வீடு மாறச் சொல்லி அனுப்பினிய."

அது வழங்கலுக்கான அடிப்படைத் தகுதி என்று விளக்க முற்பட்டேன்.

"என்ன தகுதி ஸ்வாமி? உங்க வடாம், அவ பைசா. பொரிக்கவோ பச்சையாத் தின்னவோ, அது அவ இஷ்டமல்லே?"

ஜானகி டம்ளருக்குள் சிரித்தாள். ஷைனி சிரிக்கவில்லை. "மாமி பேர்ல புதுசா எழுதலாம். மாமி பொரிச்சு விக்கட்டும், நல்லா ஓடும். ஆனா புது அப்ளிகேஷன் அடுத்த வருஷக் கணக்குலதான் வரும். இந்த மார்ச்சுக்கு எனக்குக் காட்ட ஒண்ணும் இல்ல. அதுக்காக உங்க பேர்ல பதிஞ்சேன்னு வையுங்க, எனக்கு வேல தப்பிச்சிரும், ஆனா ஓணம் வரைக்கும் உங்க கடை நிக்காது."

நான் மதிப்பீட்டாளன். சோதிப்பது என் கடமை. அப்படியானால் என் பெயரிலேயே பதிந்துவிடலாமே, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன்.

"நானாக்கும் வந்து பாக்கணும், மாசாமாசம்" என்றார் ஷைனி. "நீங்க துண்டு போட்டு மூடி வச்சிருப்பிய."

பேருந்தில் திரும்பும்போது ஜானகி ஜன்னலோரம் அமர்ந்து எதையோ முணுமுணுத்துக் கணக்கிட்டுக்கொண்டு வந்தாள். நான் என் அறிக்கையை மனத்துக்குள் எழுதிக்கொண்டு வந்தேன். விண்ணப்பதாரர் சொந்தக் காரணங்களால் விலகினார் என்று ஒரு வாக்கியம் எழுதலாம். கண்ணியமான வாக்கியம், அதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அது அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை முடித்துவைக்கும். இன்னொரு வாக்கியம், விண்ணப்பதாரர் தகுதியற்றவர் என்று வழிகாட்டி சரியாகக் கண்டறிந்து, தமக்கு ஏற்படும் இழப்பை அறிந்தே அவரை மறுத்தார் என்பது. ஆனால் அப்படி எழுதினால் எதனால் தகுதியற்றவர் என்றும் எழுத வேண்டும். அடுப்பு, காவலாளியின் மனைவி, துண்டு எல்லாம் அறிக்கையில் ஏறும். அறிக்கைகளில் பெயர் இராது, குறியீடு மட்டுமே இருக்கும் என்பது ஓர் ஆறுதல். இரண்டாவதையே எழுதினேன்.

மார்ச் மாத ஆய்வுக் கூட்டம் தம்பானூர் பக்கத்தில் ஓர் அரங்கில் நடந்தது. மேசையைச் சுற்றி மூத்த அதிகாரிகள் எல்லோரும் இருந்தோம். கழக்கூட்டம் மையத்தின் முறை வந்தது. தொடங்கப்பட்ட தொழில்கள் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. இயக்குநர் அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். அடுப்புள்ள வீட்டுக்குக் குடிமாறும் இடத்தில் ஒருவர் சிரித்தார். காவலாளியின் மனைவி வந்தபோது, அதாவது வராதபோது, இயக்குநராலேயே தொடர்ந்து படிக்க இயலவில்லை. நானும் அளவோடு சிரித்தேன்.

அப்போதுதான் என் எதிரில் இருந்த அதிகாரி கையை உயர்த்தினார். என் பதவியுயர்வுக்கு ஒரு காலத்தில் ஆட்சேபம் எழுதியவர். இப்படி ஓர் ஆள் உலகில் இருக்க முடியாது என்றார் அவர். வடாம் விற்க வந்தவன் வாங்க வந்தவளின் தகுதியை விசாரிப்பானா? மையத்தைக் காப்பாற்ற மதிப்பீட்டாளர் கதை கட்டியிருக்கிறார்; இந்த அறிக்கையைத் தள்ளிவிட்டு மையத்தை மூடுவதே முறை என்றார். பலர் தலையசைத்தார்கள். அறிக்கையை எழுதியது யாரென்று இயக்குநருக்குத் தெரியும். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, வெளியே காத்திருக்கும் வழிகாட்டியையே கேட்டுவிடலாமே என்றார்.

ஷைனி உள்ளே வந்தார். வணக்கம் சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றிப் பார்த்தவர் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். நான் சட்டையை உள்ளே செருகி, டை கட்டி, என் முன்னால் பெயர்ப்பலகையுடன் அமர்ந்திருந்தேன். அவர் அந்தப் பலகையைப் படித்தார். முன்னெழுத்து வரை படித்தார் என்று நினைக்கிறேன்.

அந்த வடாம் விண்ணப்பதாரர் விஷயத்தில் என்ன நடந்தது என்று எதிரில் இருந்த அதிகாரி கேட்டார்.

ஷைனி தரையைப் பார்த்தார். "அந்த ஸ்வாமிக்கு உடம்புக்கு முடியல சார். அதனால விட்டாச்சு."

அவர் என் மரியாதையைக் காப்பாற்ற முயன்றார். அதில் அவருடைய வேலை போய்க்கொண்டிருந்தது. விண்ணப்பதாரர் விலகினார் என்று எதிரில் இருந்தவர் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார். இத்தகைய நேரங்களில் யோசிக்க அவகாசம் கேட்பது நம் துறையின் மரபு. அன்று அந்த மரபைக் கடைப்பிடிக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"அம்மா, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. டீக்கடையில் சொன்னதை இங்கே சொல்லுங்கள்" என்றேன்.

எதிரில் இருந்தவரின் பேனா நின்றது. ஷைனி ஒருமுறை இயக்குநரைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். முதலில் மெதுவாகத்தான் தொடங்கினார். துண்டு போட்டு மூடிய இடத்துக்கு வரும்போது கைகளால் நடித்தே காட்டினார். நான் நின்றுகொண்டே கேட்டேன். யாரும் சிரிக்கத் துணியவில்லை. அதனால் பலருக்கு இருமல் வந்தது.

முடிந்ததும் எதிரில் இருந்தவர் என்னிடம், இதெல்லாம் உண்மையா என்று கேட்டார்.

"அனைத்தும் உண்மை. காவலாளியைத் திருப்பியனுப்பியதை மட்டும் அவர் விட்டுவிட்டார். அதையும் சேர்த்துக்கொள்ளவும்" என்று சொல்லி அமர்ந்தேன்.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது தம்பானூர் பேருந்து நிலையம் வரை கேட்டது என்பது மிகைப்படுத்தல்.

உங்களிடம் உதவி கேட்டு வருபவர்களில் சிலரை நீங்கள் மறுக்க வேண்டிவரும். உங்கள் இலக்கு எட்டப்படாமல் போகும் என்று தெரிந்திருக்கும்போது மறுப்பது கடினம். எதிரில் இருப்பவர் வெள்ளை வேட்டியும் உயர்ந்த குரலுமாக இருந்தால் இன்னும் கடினம். அப்போது காரணத்தை அவர் முகத்துக்கு நேராக, அவருக்குப் புரிகிற சொற்களில் சொல்லுங்கள். அவருக்குப் பக்கத்தில் தொழில் தெரிந்த ஒருவர் வாணலியுடன் அமர்ந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். மேசையின் இந்தப் பக்கத்தில் பல காலம் அமர்ந்த நான் இதைக் கழக்கூட்டத்தில்தான் கண்டேன். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிராது என்று நம்புகிறேன்.

ஏப்ரலில் இயக்குநரின் ஆணை வந்தது. கழக்கூட்டம் மையம் தொடரும், வழிகாட்டியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்றது முதல் பத்தி. அதன் பின்னர் அங்கே பதிவான முதல் விண்ணப்பம் ஜானகியுடையது. அரசு ஊழியரின் மனைவி தொழில் நடத்துவதற்கு வேண்டிய தகவலை நான் முறைப்படி துறைக்குத் தந்தேன். வழிகாட்டுப் பணியில் அமரும் ஒவ்வோர் அதிகாரியும் அதற்கு முன் ஒரு காலைப்பொழுது ஏதேனும் ஒரு சிறு நிறுவனத்தின் பொருளை நேரில் நின்று விற்க வேண்டும் என்றது இரண்டாம் பத்தி. உங்கள் பயிற்சியின் அடுத்த கட்டமாக நாளை நீங்கள் சாலைக் கடைத்தெருவில் நிற்கப்போவது அந்த ஆணையின்படியே.

மூன்றாம் பத்தியில் ஒரே ஓர் அதிகாரிக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. பொதுநலன் கருதி.